இதய நோயாளிப் பராமரிப்பில் செவிலியர் ஆய்வு: வார்டில் எழும் கேள்வி முதல் நடைமுறை மாற்றம் வரை

மாரடைப்போ இதயச் செயலிழப்போ (இதயம் போதிய அளவு இரத்தத்தை உந்த முடியாத நிலை) வந்து மருத்துவமனையில் சேரும் ஒருவரின் படுக்கையருகே மருத்துவர் நிற்கும் நேரம் ஒரு நாளில் சில நிமிடங்கள்தான். மீதிப் பொழுதெல்லாம் அவர் செவிலியரின் பொறுப்பில் இருக்கிறார். எத்தனை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், எப்போது எழுந்து உட்காரலாம், மானிட்டரின் அலாரம் எந்த அளவில் ஒலிக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போது எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பன போன்ற நூற்றுக்கணக்கான சிறு முடிவுகள் அந்தப் பொழுதில் எடுக்கப்படுகின்றன. இவற்றில் கணிசமானவை "எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்" என்ற ஒரே காரணத்துக்காகத் தொடர்கின்றன. அந்தப் பழக்கங்களை எடுத்துச் சோதித்து, பயன் தருவதை வைத்துக்கொண்டு, தராததை விட்டுவிடுவதே செவிலியர் ஆய்வின் வேலை.

1960களின் தொடக்கத்தில் மாரடைப்பு நோயாளிகளுக்கெனத் தனிக் கண்காணிப்புப் பிரிவுகள் உருவானபோது, இசிஜியில் ஆபத்தான துடிப்பைக் கண்டறிந்து, மருத்துவர் வந்துசேரும் முன்பே மின் அதிர்ச்சி கொடுக்கும் பொறுப்பைச் செவிலியரிடம் ஒப்படைக்கலாமா என்பதே பெரிய விவாதமாக இருந்தது. இன்று அந்தப் பொறுப்பு செவிலியருடையது என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்படி ஒரு மாற்றத்துக்கு ஆதாரம் திரட்டும் வேலையை ஒரு சாதாரண இதய வார்டில் எப்படித் தொடங்கி, எப்படி முடிப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பட்ட மேற்படிப்பு மாணவர்கள், வார்டுப் பொறுப்புச் செவிலியர்கள், தரமேம்பாட்டுக் குழுவினர் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

முதல் படி: கேள்வியை வார்டிலிருந்து எடுங்கள்

ஆய்வுத் தலைப்பை நூலகத்தில் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் "இதய நோயாளிகளின் அறிவும் மனப்பான்மையும்" போன்ற ஏதோ ஒன்றில் போய் முடிகிறார்கள். அத்தகைய ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் குவிந்துள்ளன. அவற்றில் மிகச் சிலவே எந்த வார்டிலும் எதையும் மாற்றியிருக்கின்றன. நல்ல கேள்விக்கு ஓர் எளிய சோதனை உண்டு: விடை "ஆம்" என்று வந்தால் மறுநாள் காலை ஷிஃப்டில் எதை வேறு விதமாகச் செய்வோம், "இல்லை" என்று வந்தால் எதைக் கைவிடுவோம்? இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி ஆஞ்சியோகிராம் (இதய இரத்தக் குழாய்களின் எக்ஸ்ரே படம்) செய்துகொண்ட நோயாளியை எடுத்துக்கொள்வோம். குழாயை எடுத்தபின் இரத்தம் கசியக்கூடும் என்ற அச்சத்தால், துளையிட்ட இடத்தின் மேல் மணல் பையை வைத்து, காலை நீட்டி, மல்லாந்த நிலையில் பல மணி நேரம் படுக்கவைப்பது நெடுங்காலப் பழக்கம். நோயாளியைக் கேட்டால் ஆஞ்சியோகிராமைவிட அதற்குப் பின் வந்த முதுகுவலிதான் கொடுமை என்பார். படுத்தபடியே சிறுநீர் கழிக்க முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. மணல் பை உண்மையிலேயே கசிவைத் தடுக்கிறதா என்று செவிலியர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பை வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் இரத்தக் கசிவிலோ இரத்தக்கட்டிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அசௌகரியம் மட்டும் பை வைத்தவர்களுக்கு அதிகமாக இருந்தது. படுக்கை நேரத்தைச் சில மணிகளாகக் குறைத்தபோதும் கசிவு கூடவில்லை, முதுகுவலி குறைந்தது. இந்தக் கேள்வியைக் கேட்கப் புதிய மருந்தோ கருவியோ தேவைப்படவில்லை. நோயாளியின் முதுகைப் பற்றிக் கவலைப்பட ஓர் ஆள் தேவைப்பட்டார், அவ்வளவுதான். இப்போது மணிக்கட்டுத் தமனி வழியே செய்வது பெருகிவிட்டதால், கையில் கட்டும் அழுத்தப் பட்டையை எவ்வளவு விரைவில், எந்தப் படிநிலைகளில் தளர்த்தலாம் என்று கேள்வியும் இடம் மாறியிருக்கிறது.

கேள்வி கிடைத்தபின் அதை நான்கு உறுப்புகளாகப் பிரித்து எழுதுங்கள்: எந்த நோயாளிகள், அவர்களுக்கு என்ன செய்யப்போகிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம். "டிஸ்சார்ஜ் அறிவுரை பயன் தருமா?" என்பது இன்னும் ஆய்வுக் கேள்வி ஆகவில்லை. "இதயச் செயலிழப்பால் சேர்க்கப்பட்டு வீடு திரும்பும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் செவிலியர் தனியாக ஒரு மணி நேரம் கற்பித்தால், அச்சிட்ட தாள் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், 90 நாட்களுக்குள் மறுபடியும் சேர்க்கப்படுவது குறையுமா?" என்பது ஆய்வுக் கேள்வி.

இரண்டாம் படி: முன்பு நடந்தவற்றை, தோற்றவற்றையும் சேர்த்து, படியுங்கள்

இதயச் செயலிழப்புப் பராமரிப்பில் செவிலியரின் பங்கைப் பற்றிப் பேசும் எவரும் 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலிருந்து தொடங்குவது வழக்கம். மறுபடியும் சேர்க்கப்படும் அபாயம் அதிகமிருந்த, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 282 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு அதனுடன் செவிலியர் வழிநடத்திய கல்வி, உணவு ஆலோசனை, சமூகப் பணியாளரின் உதவி, மருந்துச் சீராய்வு, வீடு திரும்பியபின் தொலைபேசி மூலமும் நேரிலும் தொடர் கவனிப்பு ஆகியவை கிடைத்தன. 90 நாட்களில் இதயச் செயலிழப்புக்காக மறுபடியும் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் வழக்கமான குழுவில் 54. கூடுதல் கவனிப்புப் பெற்ற குழுவில் 24. பத்தாண்டுகள் கழித்து 2005இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிட எளிமையானது. டிஸ்சார்ஜ் நேரத்தில் செவிலியர் ஒருவர் நேருக்கு நேர் ஒரு மணி நேரம் கற்பித்ததுதான் அங்கே செய்யப்பட்டது. 223 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மரணமோ மறுஅனுமதியோ (மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது) நேரும் அபாயம் கற்பிக்கப்பட்ட குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் படம் பாதிதான். 2008இல் நெதர்லாந்திலிருந்து வெளியான கோச் ஆய்வு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை 18 மாதங்கள் பின்தொடர்ந்தது. இதயச் செயலிழப்புச் செவிலியரின் அடிப்படை ஆதரவு, தீவிர ஆதரவு, இதய மருத்துவரின் வழக்கமான தொடர்கவனிப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. மரணமும் இதயச் செயலிழப்புக்கான மறுஅனுமதியும் சேர்ந்த முதன்மை விளைவு மூன்று குழுக்களிலும் முறையே 41, 38, 42 விழுக்காடு. புள்ளியியல் நோக்கில் வேறுபாடு இல்லை. ஒப்பீட்டுக் குழுவினருக்கும் இதய மருத்துவரின் கவனிப்பு முறையாகக் கிடைத்துவந்ததை நினைவில் வைத்துப் பார்த்தால் இந்த முடிவு புரியும். செவிலியரின் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. அடிப்படைக் கவனிப்பு ஏற்கெனவே நன்றாக உள்ள இடத்தில் கூடுதல் அடுக்கு தரும் பயன் சிறியது. அது இல்லாத இடத்தில் பெரியது. ஆகவே பிறர் ஆய்வைப் படிக்கும்போது புதிய முறையைப் பற்றிய பத்தியைவிட, ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கிடைத்தது என்ற பத்தியை இருமுறை படிப்பது நல்லது. உங்கள் வார்டு எந்தக் குழுவை ஒத்திருக்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

இன்னொரு தோல்வியும் கற்கத்தக்கது. நெஞ்சுவலி வந்தபின் மருத்துவமனைக்குத் தாமதமாக வருவதைக் குறைக்க, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 3,522 இதய நோயாளிகளுக்குச் செவிலியர்கள் தனித்தனியாகக் கற்பித்து, பின் தொலைபேசியிலும் நினைவூட்டினர். 2009இல் முடிவு வெளியானபோது, இரு குழுக்களும் வந்துசேர எடுத்துக்கொண்ட இடைநிலை (நடு மதிப்பு) நேரம் ஏறத்தாழ ஒன்றே, அதாவது இரண்டே கால் மணி நேரம். அறிவு கூடினால் நடத்தை மாறும் என்ற நம்பிக்கையில் கல்வித் திட்டம் வகுப்பவர் ஒவ்வொருவரும் இந்த முடிவின் முன் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

மூன்றாம் படி: கேள்விக்கு ஏற்ற வடிவம்

"ஏன்", "எப்படி உணர்கிறார்கள்" என்ற கேள்விகளுக்கு நேர்காணல் வழியிலான பண்புசார் ஆய்வு பொருந்தும்; "எவ்வளவு", "எத்தனை பேர்" என்பனவற்றுக்குக் கணக்கெடுப்பு; "இது அதைவிட மேலா" என்பதற்குச் சீரற்ற முறையில், குலுக்கல்போல், குழு பிரிக்கும் சோதனை. முதல் வகையைத் தாழ்வாக நினைக்கும் வழக்கம் இருக்கிறது, அது சரியன்று. மாரடைப்பு வந்த பெண்களிடம் அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றிச் செவிலியர் ஆய்வாளர்கள் பொறுமையாகக் கேட்கத் தொடங்கியதால்தான் பல அறிகுறிகள் பட்டியலுக்கே வந்தன. 2003இல் வெளியான அத்தகைய ஓர் ஆய்வில் 515 பெண்களில் 70 விழுக்காட்டினர் மாரடைப்புக்கு முன் வழக்கத்துக்கு மாறான சோர்வையும், ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் தூக்கக் குறைவையும் சொன்னார்கள்; மாரடைப்பின்போது நெஞ்சுவலியே இல்லை என்றவர்கள் 43 விழுக்காடு. எல்லாம் பின்னர் நினைவுகூர்ந்து சொன்னவை என்ற குறை அதில் உண்டு. ஆனாலும் அவசரப் பிரிவில் முதல் கேள்விகளைக் கேட்கும் செவிலியருக்கு இதன் பயன் உடனடியானது.

சோதனை வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் மாதிரி அளவை முன்கூட்டியே கணக்கிடுங்கள். மறுஅனுமதி 30 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறையும் என எதிர்பார்த்து, அதை 80 விழுக்காடு வாய்ப்புடன் கண்டறிய விரும்பினால், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் கொள்ளும் வாய்ப்பு 5 விழுக்காடு என்ற வழக்கமான வரம்பில், ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ 290 பேருக்கு மேல் தேவை. குழுவுக்கு 30 பேரை வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண முயல்வது நோயாளிகளின் நேரத்தையும் உங்கள் நேரத்தையும் வீணாக்குவது. அவ்வளவு பேர் கிடைக்கமாட்டார்கள் என்றால் விளைவை மாற்றுங்கள்: வலி மதிப்பெண், தற்பராமரிப்பு மதிப்பெண் போன்ற தொடர் அளவுகளில் வேறுபாட்டைக் காணக் குறைந்த எண்ணிக்கை போதும். ஒரே வார்டில் இரு குழுக்களையும் வைத்தால், பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்னது இவர் காதிலும் விழும் என்பதையும் மறக்கக் கூடாது. அப்போது வார்டு வாரியாகவோ மாத வாரியாகவோ பிரிப்பது மேல்.

நான்காம் படி: எதை, எப்படி அளப்பது

செவிலியர் ஆய்வுகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்தப் படியில்தான். மறுஅனுமதி என்ற எளிய அளவையே பாருங்கள். இறந்துபோனவர் மறுபடியும் சேர்க்கப்படமாட்டார். ஆகவே மரணம் அதிகமுள்ள குழுவில் மறுஅனுமதி குறைவாகத் தோன்றக்கூடும். இதைத் தவிர்க்க, "உயிருடன் மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்கள்" என்ற அளவைப் பயன்படுத்தலாம், அல்லது மரணத்தையும் மறுஅனுமதியையும் சேர்த்தே எண்ணலாம். நோயாளி வேறொரு மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் உங்கள் பதிவேடு அதைக் காட்டாது என்பதால், வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்கும் ஏற்பாடும் வேண்டும்.

தற்பராமரிப்பை அளக்கச் சோதித்துப் பார்க்கப்பட்ட வினாத்தாள்கள் இருக்கின்றன. இதயச் செயலிழப்புத் தற்பராமரிப்புக் குறியீடு 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறது. 70க்கு மேல் வந்தால் போதுமானது எனக் கொள்வது வழக்கம். ஐரோப்பிய அளவுகோல் 9 வினாக்களே கொண்டது, மூச்சு வாங்கும் நோயாளியையும் களைப்படையச் செய்யாது. இவற்றைத் தமிழிலோ வேறு மொழியிலோ பயன்படுத்தும்போது மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. இன்னொருவர் அதை மூலத்தைப் பாராமல் திரும்ப மூல மொழிக்கு மாற்றி ஒப்பிட வேண்டும், சில நோயாளிகளிடம் படித்துக்காட்டி என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். சொந்தமாக வினாத்தாள் தயாரிக்கும் ஆசையை, வேறு வழியே இல்லாவிட்டாலன்றி, அடக்கிக்கொள்வது நல்லது.

அளப்பதே தீர்வைக் காட்டிவிடுவதும் உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில், செவிலியர் பேராசிரியர் ஒருவர் தலைமையிலான குழு 77 தீவிர சிகிச்சைப் படுக்கைகளின் மானிட்டர்களை 31 நாட்கள் முழுமையாகப் பதிவு செய்தது. கிடைத்தவை 25,58,760 அலாரங்கள். துடிப்புக் கோளாறைக் குறித்த 12,671 அலாரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்ததில் 88.8 விழுக்காடு பொய்யானவை. இந்த இரைச்சலில் உண்மையான ஒன்று ஒலித்தாலும் காது அதைக் கடந்துபோவது செவிலியரின் கவனக்குறைவு அன்று. கருவி அமைக்கப்பட்ட விதத்தின் விளைவு. இதற்கான தீர்வு ஒன்றும் வியப்பளிக்கும் அளவுக்கு எளியது: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் இரண்டு வார்டுகளில், மார்பில் ஒட்டும் எலக்ட்ரோடுகளை நாள்தோறும் மாற்றியபோது படுக்கைக்கான சராசரி அலாரங்கள் 46 விழுக்காடு குறைந்தன. காய்ந்துபோன ஜெல்லும் வியர்வையில் விலகிய ஒட்டும் தவறான சமிக்ஞை தருவதே காரணம். தோலைத் துடைத்து உலரவிட்டு, தேவையான இடத்தில் முடியை வெட்டி, புதியதை ஒட்ட ஆகும் சில நிமிடங்கள் ஷிஃப்ட் முழுவதற்கும் அமைதியைத் தருகின்றன.

ஐந்தாம் படி: நெறிமுறை

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு படிவத்தைக்கூட நிரப்பத் தொடங்காதீர்கள். இதய வார்டுக்கே உரிய இரு சிக்கல்கள் உள்ளன. நெஞ்சுவலியோடும் மார்ஃபின் மயக்கத்தோடும் இருப்பவரின் கையொப்பம் உண்மையான ஒப்புதல் ஆகாது. நிலை சீரானபின் கேட்க வேண்டும். அடுத்து, தன்னைக் கவனித்துக்கொள்ளும் செவிலியரே ஆய்வுக்கு அழைத்தால் நோயாளியால் மறுக்க முடிவதில்லை. ஆகவே ஒப்புதல் கேட்பவர் அந்த நோயாளியின் பராமரிப்பில் இல்லாதவராக இருப்பது நல்லது.

ஆறாம் படி: தரவைத் திரட்டுவது

தரவின் தரம் படிவத்தைவிடப் பழக்கத்தைச் சார்ந்தது. உடல் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். இதயச் செயலிழப்பில் மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் நீர் தேங்குகிறது என்று எச்சரிக்கை கொள்ளச் சொல்கிறோம். ஒரு நாள் காலை வெறும் வயிற்றிலும், மறுநாள் சாப்பிட்டபின்னும், அதற்கடுத்த நாள் வேறு எடைக் கருவியிலும் எடுத்தால் அந்த 2 கிலோ எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஏறத்தாழ ஒரே அளவு உடையோடு, ஒரே கருவியில் என்று ஆய்வின் செயல்முறைத் தாளில் எழுதி, இரவு ஷிஃப்டிலும் விடுமுறை நாட்களிலும் அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் 10 நோயாளிகளை வெள்ளோட்டமாக வைத்துக்கொண்டால் படிவத்தின் ஓட்டைகள் அப்போதே தெரிந்துவிடும்.

கற்பித்தலை ஆய்வு செய்பவர்கள், கற்பித்தது உண்மையில் நடந்ததா என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சொன்னதை நோயாளியின் வாயாலேயே திரும்பச் சொல்லவைக்கும் முறை இதற்கு உதவும். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளை காலை எடை 2 கிலோ கூடியிருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, வந்த விடையை எழுதிக்கொள்ளுங்கள். "நீர் மாத்திரையை நிறுத்திவிடுவேன்" என்று, தேங்கிய நீரை வெளியேற்றும் மருந்தையே விட்டுவிடுவதாக ஒருவர் சொன்னால், கற்பித்தல் முடிந்தது எனக் குறியிட்டிருந்த கட்டத்தின் மதிப்பு என்னவென்று விளங்கிவிடும்.

ஏழாம் படி: பகுப்பாய்வு

புள்ளியியலாளரைத் தரவு சேர்த்தபின் தேடாமல், திட்டமிடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். யார் எந்தக் குழுவில் ஒதுக்கப்பட்டாரோ அங்கேயே வைத்து எண்ணுங்கள். கற்பித்தலுக்கு வராதவரை நீக்கிவிட்டால் உற்சாகமானவர்கள் மட்டுமே மிஞ்சி, முடிவு பொய்யாக அழகாகும். மறுஅனுமதி மிக அதிகமாக இருந்த ஒரு மாதத்தைக் கண்டு திட்டத்தைத் தொடங்கினால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் குறைந்திருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முன்–பின் ஒப்பீடு மட்டுமே செய்ய முடிந்தால், இரண்டு பக்கமும் பல மாதங்களின் எண்களை வரைபடமாக இடுவதே நேர்மையானது.

எட்டாம் படி: முடிவை நடைமுறையாக்குவது

கட்டுரை வெளியாவதோடு வேலை முடிந்ததாகக் கருதுவது பரவலாக இருக்கிறது. உண்மையில் கடினமான பகுதி அதன்பின்தான். மணல் பை பயனற்றது என்று காட்டியபின்னும் பல வார்டுகளில் அது நெடுங்காலம் அகலவில்லை. கட்டளைத் தாளில் அச்சாகியிருப்பது, மூத்தவர்களின் தயக்கம், கசிவு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற பயம் ஆகியவையே காரணம். ஆகவே இதய மருத்துவர், மருந்தாளுநர், வார்டுப் பொறுப்பாளர் ஆகியோரை முதல் படியிலேயே உடன் அழைத்திருக்க வேண்டும். மாற்றத்தை ஒரு வார்டில் தொடங்கி, பாதுகாப்பு அளவுகளைக் கண்காணித்து, பின் பரப்புவதே நடைமுறைக்கு ஏற்றது.

ஆள் பற்றாக்குறையைப் பேசாமல் இந்தப் படி முழுமையாகாது. 2014இல் வெளியான, ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளையும் 4,22,730 அறுவைச் சிகிச்சை நோயாளிகளையும் உள்ளடக்கிய ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவுவது அன்று. இதய நோயாளிகளை மட்டும் பற்றியதும் அன்று. ஆயினும் ஒரு மணி நேரக் கற்பித்தலைப் பரிந்துரைக்கும் எந்த ஆய்வறிக்கையும், அந்த ஒரு மணி நேரம் எந்த ஷிஃப்டில், எந்தச் செவிலியரின் எந்த வேலையைக் குறைத்துக் கிடைக்கும் என்பதை எழுத வேண்டும். எழுதாவிட்டால் நிர்வாகம் பரிந்துரையைப் பாராட்டிக் கோப்பில் வைத்துவிடும்.

மாற்றம் நடைமுறைக்கு வந்து ஆறு மாதமும் ஓராண்டும் ஆனபின், ஆய்வில் பயன்படுத்திய அதே வரையறையோடு அதே அளவுகளை மறுபடியும் எடுங்கள். எலக்ட்ரோடு நாள்தோறும் மாறுகிறதா, படுக்கை நேரம் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டதா, திரும்பச் சொல்லவைப்பது நடக்கிறதா அல்லது கட்டத்தில் குறி மட்டும் விழுகிறதா என்று பாருங்கள். ஆய்வில் பங்கேற்ற செவிலியர்கள் பணிமாற்றலாகிப் போயிருப்பார்கள் என்பதால், புதிதாகச் சேர்பவர்களின் அறிமுகப் பயிற்சியிலேயே இந்த நடைமுறையையும் அதற்கான காரணத்தையும் சேர்த்து, அதற்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமித்துவிடுங்கள்.